நீரின் இரைச்சலும் புரதத்தின் குரலும்



கெடிலத்தில் வெள்ளம் இரைகையில் அக்கரைக் குரல் நம் செவிக்கு எட்டாது. புரதங்களை ஆராயும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்கும் இவ்விடர் உண்டு. ஒரு லிட்டர் நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் ஏறத்தாழ 110 மோல்; அதில் கரைந்த புரதமோ 1 மில்லிமோல் அளவே. நீரின் குறிகையே கருவியை நிறைத்துவிடும்.

கனநீரை ஊற்றலாமே என்பீர்கள். ஊற்றினால் புரதத்தில் நைட்ரஜனோடு பிணைந்த ஹைட்ரஜன் வெளியேறி, அவ்விடத்தில் டியூட்டிரியம் குடியேறும். காண விழைந்ததே மறையும். நீரைக் கதிரலையால் முன்னரே தெவிட்டச் செய்தாலோ, நீரோடு இடம் மாறும் ஹைட்ரஜன்களும் சேர்ந்து மங்கும். 1992இல் பியோட்டோ, சௌடெக், ஸ்க்லேனார் மூவரும் 'வாட்டர்கேட்' முறையைத் தந்தனர். (அமெரிக்க ஊழலை நினையாதீர்!) இரு காந்தச் சரிவுத் துடிப்புகளிடையே, நீரை விடுத்து ஏனையவற்றை மட்டும் திருப்பினர், திரும்பியவை மீண்டும் ஒருங்கிணைந்தன, நீரின் குறிகை சிதறியது.

சிதம்பரத்தில் வேதியியல் பயிலும் தம்பி தங்கையரே, நிறமாலையில் பத்து இலட்சத்தில் 4.7 பங்கு என்னும் இடத்தை ஐயத்தோடு நோக்குங்கள். அங்கே நீரோடு புரதத்தின் குறிகையும் அடங்கியிருக்கலாம்.