வெள்ளம் முன்வாசல் வழியாக வருவதில்லை



சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிறு காலையில் நடைபோடுபவரிடம் கேட்டால், "கடல் இவ்வளவு தூரம் ஏறி வருமா?" என்று சிரிப்பார். அவர் நிற்கும் மண்ணே கடலைத் தூர்த்து எடுத்ததுதான்!

நாட்டின் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. கரிமவாயு வெளியேற்றம் குறையாவிட்டால், 2100க்குள் சராசரிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024ல் வெளியான தேசிய பருவநிலை ஆய்வு கூறுகிறது. 5 மீட்டர் எங்கே, 1.15 எங்கே என்று நிம்மதி அடைய வேண்டாம். கடலேற்றமும் புயற்காற்று தள்ளிவரும் நீரும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், சில மணி நேரத்துக்குக் கடல் 4 முதல் 5 மீட்டர் வரை எழக்கூடும்.

அப்போது மழையும் கொட்டினால்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மழைநீரைக் கால்வாய்கள்தாம் கடலில் சேர்க்கின்றன. கடல் உயர்ந்து நின்றால் அந்த நீருக்குப் போக்கிடம் இல்லை; திரும்பி வீதிக்கே வரும். அலை மதிலைத் தாண்டும் முன்பே, வீட்டின் பின்பக்கக் கால்வாய் நிரம்பிவிடும். வெறும் மதில் எழுப்பினால் மழைநீரை உள்ளே பூட்டி வைத்தது போலாகும். 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டில், கடல் வற்றும்போது மதகுகள் வழியாக நீர் வெளியேறும். ஏறும்போது 7 ராட்சத பம்புகள் அதை இறைத்துக் கடலில் கொட்டும்.

அதனால்தான் 2020 முதல் கரையோரப் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றுள்ள பொதுப் பயனீட்டுக் கழகம், கடலையும் கால்வாயையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஆனால் கணக்கு நீரோடு முடியாது. ஒரு அடித் தண்ணீர் புல்வெளியில் நின்றால் மாலைக்குள் வடிந்துவிடும். அதே ஒரு அடி மின் துணைநிலையத்தில் புகுந்தால் பேட்டையே இருளும். தரைத்தளத்தில் தனியாக வாழும் முதியவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. கரையின் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

செலவு? 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி அல்லது அதற்கும் மேல் ஆகலாம் என்று 2019ல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் தெரிவித்தார். ஈஸ்ட் கோஸ்டுக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டரில் திட்டமிடப்படும் 'லாங் ஐலண்ட்' நிலமீட்புக்கே பல பத்தாண்டுகள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்திலும் பருவமழை பெய்யும், கடல் ஏறும். தங்கள் புளோக்கின் அருகே ஓடும் கால்வாய் எந்தக் கடலேற்றத்தில் நிரம்பும் என்பதைக் குடியிருப்பாளர்கள் இப்போதே கேட்டறியலாம்.