வேலைத்தளத்துத் தேத்தண்ணி



வேலைத்தளத்தில் நாம் குடிக்கிற தேத்தண்ணியையும் கோப்பியையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன். திருகோணமலைப் பாலையூற்றிலும் அதைச் சூழவுள்ள பகுதிகளிலும் இருந்து துறைமுகத்துக்கும், சீனன்குடா மா ஆலைக்கும், சீமெந்துத் தொழிற்சாலைக்கும், ஆஸ்பத்திரிக்கும், கச்சேரிக்கும் நாளாந்தம் வேலைக்குப் போகிறவர்கள் பலர். எங்கே வேலை என்றாலும் காலை பத்து மணியளவில் ஒரு தேத்தண்ணி, பின்னேரம் இன்னொன்று. இரவு வேலை என்றால் கணக்கே இல்லை. கோப்பிதான் வேண்டும் என்று கேட்கிறவருக்குப் பெரும்பாலும் சுடுதண்ணீரில் கரைக்கிற பைக்கற் தூள்தான் கிடைக்கும்.

ஆனால் இந்தத் தீவு ஒரு காலத்தில் கோப்பித் தீவாகவே இருந்தது. 1870களில் உலகின் முன்னணிக் கோப்பி ஏற்றுமதி நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைவரை நடந்து போனவர்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். கோப்பி பருவப் பயிர் என்பதால் அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. இருபது வருடங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின. நோய் வருவதற்கு இரண்டு வருடம் முந்தி, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் குடும்பத்தோடு மலையில் தங்கினார்கள். 1977இல் தமிழருக்கெதிராக நடந்த வன்செயல்களுக்குப் பிறகு அவர்களின் வழிவந்தவர்களில் ஒரு பகுதியினர் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறினார்கள், நமது திருகோணமலை மாவட்டம் உட்பட. எங்கள் கந்தோர்களின் சுடுதண்ணீர்ப் போத்தலுக்குள் தேத்தண்ணி இருப்பதற்குப் பின்னால் இத்தனை மனிதர்களின் நடையும் உழைப்பும் இருக்கின்றன.

வீடுகளில் கோப்பி முற்றாக மறைந்துவிடவில்லை. கோப்பிக் கொட்டையைக் கறுக்க வறுத்து, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்து, கொதிநீரில் போட்டு, தூள் அடியில் இறங்கும்வரை பொறுத்திருந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற வழக்கத்தை எங்கள் முதியவர்கள் நன்றாக அறிவார்கள். மல்லி சேரச் சேரக் கோப்பியின் அளவு குறையும். ஆகவே கஃபீனும் குறையும்.

கஃபீன் என்கிற அந்தப் பொருள்தான் எங்களை விழித்திருக்க வைக்கிறது. பகல் முழுக்க வேலை செய்யும்போது மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது போய் உட்காரும் இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். களைப்பு உடம்பிலேயே இருக்கும், மூளைக்கு அது தெரியாது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். சாயம் கூடினால் அதுவும் கூடும். கரையும் கோப்பியில் 60 அளவில், வடித்த கோப்பியில் 90க்கு மேலும் போகலாம். சுகதேகியான வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் அறிவித்தது. கர்ப்பிணிகளுக்கு அதில் பாதி, 200.

இரவு வேலை செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். அதிகாலை நான்கு மணிக்கு நித்திரை வருகிறதே என்று ஒரு கடும் சாயத்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஏழு மணிக்கு வீடு வந்து படுத்தால், கண் மூடும், நித்திரை ஆழாது. படுப்பதற்கு ஆறு மணித்தியாலம் முந்திக் குடித்த கஃபீன்கூட நித்திரையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைத்துவிட்டதாக 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் கொடுத்தது 400 மில்லிகிராம், பெரிய அளவுதான். ஆனாலும் பாடம் எங்களுக்கும் பொருந்தும். வேலை தொடங்கும்போதும் நடுச்சாமத்திலும் குடியுங்கள். கடைசி மணித்தியாலங்களில் தண்ணீர் போதும். தாதிமாருக்கும் காவலாளிகளுக்கும் இயந்திரத்தோடு நிற்கிறவர்களுக்கும் பகல் நித்திரைதான் உயிர்.

மத்தியானச் சோறு முடிந்த கையோடு தேத்தண்ணி குடிப்பதும் நல்லதல்ல. சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைத் தேயிலையும் கோப்பியும் தடுக்கின்றன. இரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடவேண்டும்.

என்றாலும், என்னை மிகவும் வருத்துவது கஃபீன் அல்ல, சீனிதான். எங்கள் வேலைத்தளங்களில் தேத்தண்ணி எப்படித் தயாராகிறது? கிளாஸ்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கரண்டி சீனியை முதலிலேயே போட்டு, மேலே சாயத்தை ஊற்றிக் கலக்கி, தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கரண்டி ஐந்து கிராம் என்று வைத்தால், மூன்று கரண்டிப்படி நான்கு தேத்தண்ணிக்கு 60 கிராம். சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குக் குறைய வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சாப்பாட்டைத் தொடுவதற்கு முன்பே அளவைத் தாண்டிவிடுகிறோம். நீரிழிவு இல்லாத குடும்பத்தைத் தேடவேண்டிய காலத்தில் இது சிறிய விடயமல்ல.

பழக்கத்தை மாற்ற முடியாது என்று சொல்லவேண்டாம். 2022 மார்ச்சில் ஒரு பால் தேத்தண்ணி நூறு ரூபாய்க்குப் போனபோது, பால்மாவுக்கு வரிசையில் நின்றபோது, பலர் பிளேன்ரீக்கு மாறினார்கள். பணமில்லாமல் மாறிய நாம் உடம்புக்காகவும் மாறலாம்.

இதைச் சொல்வதால் தேநீர் இடைவேளையைக் குறைக்கவேண்டும் என்று எந்த முதலாளியும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்லாந்தில் கோப்பி இடைவேளையைத் தொழிலாளர் ஒப்பந்தங்களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மேலதிகாரியும் சிற்றூழியரும் ஒரே மேசையருகே நின்று பேசுகிற அந்தப் பத்து நிமிடம் வேலைக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. திருகோணமலை வெயிலில் கப்பற்துறையில் சுமை தூக்குகிறவருக்கு அது சலுகையல்ல, உரிமை.

எனவே கந்தோர்த் தலைவர்களிடமும் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளையிலிருந்து தேத்தண்ணியைச் சீனி போடாமல் ஊற்றுங்கள். சீனிப் போத்தலையும் ஒரு சிறிய கரண்டியையும் பக்கத்தில் வையுங்கள். எவ்வளவு போடுவது என்பதைக் குடிக்கிறவரே தீர்மானிக்கட்டும்.