இயற்கை விளைபொருளும் இல்லறச் செலவும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இடாது விளைந்த பண்டங்களை அதிக விலை கொடுத்து வாங்குவது தகுமோ தகாதோ என்னும் விஷயம் இப்போது நம் இல்லங்கள்தோறும் பேசப்படுகின்றது. சிலர் அதனை வீண் ஆடம்பரம் என்கின்றனர். வேறு சிலரோ, வாங்க இயலாமையால் தம் மக்களுக்கு நஞ்சூட்டுவதாக எண்ணி மனம் நோகின்றனர். இவ்விரண்டும் பொருந்தா.

அமெரிக்க தேசத்து ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2012-ம் வருஷத்தில் பல ஆராய்ச்சிகளை ஒருங்கே பரிசோதித்து, இயற்கைப் பண்டங்களில் சத்து மிகுதி என்பதற்கு வலிய ஆதாரம் இல்லையென்றும், பூச்சிமருந்தின் மிச்சம் அவற்றிற் குறைவென்றும் வெளியிட்டனர். ஆகவே நாம் கொடுக்கும் அதிக விலை சத்தின் பொருட்டன்று. மருந்தின் மிச்சம் குறைதற்பொருட்டேயாம்.

அம்மிச்சமும் எல்லாப் பண்டத்திலும் ஒப்ப இராது. வாழைப்பழம், தேங்காய், வெங்காயம் முதலியவற்றைத் தோலும் ஓடும் நீக்கியே உண்கின்றோம். கீரை, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், திராட்சை ஆகியவற்றை அப்படியே உண்கின்றோம். இந்தியக் கறிவேப்பிலைக்கு இம்மிச்சம் பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தார் 2014-ல் தனிச் சோதனை விதித்தமையும் ஈண்டு நினைக்கத் தக்கது. கைப்பொருள் சிறிதாயின் அதனைப் பின்னவற்றிற்கே செலவிடுக; முன்னவற்றைச் சந்தையிலேயே வாங்கலாம். நன்கு அலசினால் மேலே படிந்த மருந்து குறையும். உள்ளே ஊறியது போகாது. வீட்டுத் தொட்டியிற் கீரை வளர்ப்பாருக்கோ அதிகச் செலவே இல்லை.

பெயரை மட்டும் நம்பிப் பணங்கொடுத்தலும் ஆகாது. 2017-ம் வருஷத்து விதிகளின்படி, கடைகளில் இயற்கை விளைபொருள் என்று விற்கும் பொட்டலங்களில் அதற்குரிய முத்திரையைப் பார்த்து வாங்குக. நேரே விற்கும் சிறு உழவர்க்கு விலக்கு உண்டாதலின், அவரிடம் நிலம் எது, பூச்சிக்கு என் செய்தீர் என்று வினவியறிக.

விலையேற்றத்தால் காய்கறியின் அளவைக் குறைத்தல் பெருநஷ்டம். நாளொன்றுக்குக் காயும் கனியுமாக 400 கிராமேனும் உண்ணவேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறுகின்றனர். சாதாரணக் காயாயினும் நிறைய உண்பதே மக்களுக்கு நலம்.

பொருள் படைத்த அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து முதலில் தீண்டுவது உண்பவனையன்று, தெளிப்பவனையே. 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் மருந்து தெளித்த உழவரும் கூலியாட்களும் பலர் மாண்டனர். இயன்றோர் கொடுக்கும் அதிக விலை அத்தகையோர்க்கும் காப்பாகும். இதனைச் சிந்திக்குமாறு வேண்டுகின்றேன்.