படச்சுருளில் தங்கிய குரல்



கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கறுவாத்தோட்டப் பக்கமாக நடந்தால் கில்ட்ஃபோர்ட் கிரசன்டில் லயனல் வென்ட் அரங்கைக் காணலாம். நாடகத்துக்கும் ஓவியக் கண்காட்சிக்கும் நம்மிற் பலர் சென்றுவந்த இடம். அந்தப் பெயருக்குரியவர் யாரென்று விசாரித்தவர்கள் சிலரே.

வென்ட் 1900ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் உயர் நீதிமன்ற நீதியரசர். மகனும் லண்டன் சென்று சட்டம் படித்தார். கூடவே பியானோவும் பயின்றார். 1924இல் திரும்பியவரின் மனம் சட்டத்தில் நிலைக்கவில்லை. 1929 அளவில் வெள்ளவத்தைக் கடலோரம் தனித்து வாழ்ந்த சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடாவுக்குச் சைக்கிளில் புத்தக மூட்டைகள் அனுப்பியவர் இவரே. அந்த உதவியை நெருடா தமது நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார்.

முப்பதுகளில் கமெரா அவரை ஆட்கொண்டது. மீனவர், உழவர், நடனக்காரர் என்று இந்நாட்டு மனிதரைப் படமெடுத்தார். இருட்டறையில் ஒளியும் நிழலும் இடம்மாறச் செய்தும், பல படங்களை ஒன்றிணைத்தும் புதுமைகள் கண்டார். 1938இல் லண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 1943இல் ஜோர்ஜ் கீற் முதலிய ஓவியர்களோடு சேர்ந்து '43 குழு'வை அமைத்தார்.

சினிமாவிலும் அவருக்குப் பங்குண்டு. பசில் றைட் நெறிப்படுத்தி 1934இல் உருவான 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்கு அவர் துணைநின்றார். றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளைப் படத்தில் வாசிப்பதும் வென்டின் குரலே.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. படத்திலே தேயிலைத் தோட்டமும் வருகிறது. ஆனால் அப்பகுதியில் ஓங்கி ஒலிப்பவை வர்த்தகக் குரல்கள். கொழுந்து பறிக்கும் நம் மலையகப் பெண்ணுக்கு முகம் உண்டு, பேச்சில்லை. வென்டின் நிழற்படங்களிலும் அப்படித்தான்: அழகு நிறைந்த உடல்கள், பெயரில்லாத மனிதர்கள்.

1944 டிசம்பரில் வென்ட் காலமானார். அக்கால வழக்கப்படி அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அவர் அச்சிட்ட பிரதிகளும், அந்தப் படச்சுருளில் தங்கிய குரலுமே. பெரிய கலைஞனின் உழைப்பே இவ்வாறு போனதென்றால், அவர் படமெடுத்த எளியவர்களின் பெயர்களை யார் காத்திருப்பார்கள்?

அடுத்த முறை அந்த அரங்குக்குச் செல்லும்போது வென்டை நினையுங்கள். வீடு திரும்பியதும் அலுமாரியிலுள்ள பழைய படங்களை எடுத்து, இருப்பவர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.