மண்டபமும் மக்களும்

ஆயிரக்கால் மண்டபத்தில் உண்மையாகவே ஆயிரம் கால்கள் இருக்கின்றனவா? ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பள்ளிக்கூடத்தில் அடியெடுத்து வைத்த நாள் முதல், தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற நாள் வரையில், மாணவர்கள் ஆண்டு தவறாமல் என்னிடம் கேட்ட கேள்வி இது. மதுரையில் அரியநாத முதலியார் 1569ஆம் ஆண்டில் எழுப்பிய மண்டபத்தில் உள்ளவை 985 தூண்கள். திருவரங்கத்து மண்டபத்தில் 953 தூண்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். எஞ்சிய நாற்பத்தேழையும் வைகுண்ட ஏகாதசி விழாவின்போது மண்டபத்தின் முன்னே பந்தற்கால்களாக நட்டு, ஆயிரத்தை நிறைவாக்குவது அவ்வூர் வழக்கம் என்பர். கல்லில் குறைந்ததை மூங்கிலாலும் மரத்தாலும் நிறைவு செய்துகொள்ளும் அந்த மனப்பாங்கை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு.

அடுத்த கேள்வி உடனே வரும்: "இத்தனை தூண்கள் எதற்கு, சார்? நடுவில் நின்று மறைக்கின்றனவே!" இது நல்ல கேள்வி. இதற்கு விடை கருங்கல்லின் இயல்பிலேயே இருக்கிறது. கருங்கல் தன் தலைமேல் ஏற்றிய பாரத்தை எவ்வளவாயினும் தாங்கும். ஆனால், அதைப் படுக்க வைத்து, இரு முனைகளை மட்டும் தாங்கி, நடுவில் பாரம் ஏற்றினால் வளைய மாட்டாது, முறிந்துவிடும். மரத்துக்குள்ள நெகிழ்ச்சி கல்லுக்குக் கிடையாது. ஆகவே, உத்தரக் கல்லின் நீளத்தைக் குறுக்கியே வைக்க வேண்டும். உத்தரம் குறுகினால் தூண்கள் நெருங்கும். மண்டபம் அகன்றால் தூண்கள் பெருகும். இவ்வாறு பிறந்ததே நாம் காணும் கற்றூண் காடு. அக்குறையையே அழகாக மாற்றிக்கொண்டார்கள் நம் சிற்பிகள். தூணின் உச்சியில் இருபுறமும் கைநீட்டி நிற்கும் போதிகை என்னும் உறுப்பு வெறும் அலங்காரமன்று. உத்தரத்தைச் சற்று முன்னேறிச் சென்று தாங்கி, அது தாவ வேண்டிய தூரத்தைக் குறைக்கும் கருவி அது.

இந்தப் போதிகையைப் பார்த்தே ஒரு மண்டபத்தின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குகையில் பெருமிதத்தோடு எழுதிவைத்தான் மகேந்திரவர்ம பல்லவன். அவன் காலத்துத் தூண் மிக எளியது: கீழே சதுரம், நடுவே எட்டுப் பட்டை, மேலே மீண்டும் சதுரம். அதன் போதிகை வளைந்து நிற்கும். பின்வந்த பல்லவர் தூணின் அடியில் சிங்கத்தை அமர்த்தினர். சோழர் காலத்தில் தூண் மெலிந்து உயர்ந்து, கலசமும் குடமும் பலகையும் தெளிவு பெற்றன. விசயநகரத்தார் காலத்தில் போதிகையின் நுனியில் தாமரை மொட்டுத் தொங்கத் தொடங்கியது. நாயக்கர் காலத்தில் அம்மொட்டு வாழைப்பூவைப் போல் பெருத்தது; தூண்களிலிருந்து குதிரைகளும் யாளிகளும் பாய்ந்து வெளிவந்தன. சதுரத் தூணைப் பிரமகாந்தம் என்றும், எட்டுப் பட்டைத் தூணை விட்டுணுகாந்தம் என்றும், வட்டத் தூணை உருத்திரகாந்தம் என்றும் சிற்ப நூலார் பெயரிட்டனர். பெயர் தெரியாத சிறுவனும், கையால் தடவிப் பார்த்தால் இவற்றின் வேறுபாட்டை உணர்வான். நான் பாடம் நடத்திய முறையும் அதுவே.

இனி, இம்மண்டபங்கள் எதற்குப் பயன்பட்டன என்று நோக்குவோம். கருவறைக்கு முன் அர்த்த மண்டபம், அதற்கும் முன் மகாமண்டபம், திருமணத்துக்குக் கலியாண மண்டபம், வேனிலுக்கு வசந்த மண்டபம், ஊஞ்சலுக்கு ஊஞ்சல் மண்டபம் என்று வழிபாட்டை ஒட்டி எழுந்தவை பல. ஆனால், கருவறை தெய்வத்துக்கே உரியது. மண்டபமோ தெய்வமும் மக்களும் கூடும் இடம். அதனால், ஊரின் பொதுவாழ்வு முழுவதும் மெல்ல மெல்ல மண்டபத்துக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

உத்தரமேரூருக்குச் சென்றவர்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், ஊராட்சி வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே கல்லில் பொறிக்கப்பட்டது. குடும்புகள் முப்பது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் போட்டியிடத் தகுதியற்றவர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். சொத்தும் வேத அறிவும் உடையவர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற அறத்தை ஒரு மண்டபத்தின் சுவர் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறது அல்லவா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்கோயிலின் சனநாத மண்டபத்தில் மாணவர்கள் கல்வி பயின்றார்கள். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. கோயிலைச் சார்ந்து, வீரசோழன் என்னும் பெயரால் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்தது. எண்ணாயிரம் என்னும் ஊரில், இராசேந்திர சோழன் காலத்தில், 340 மாணவர்களுக்கு 14 ஆசிரியர்கள் இருந்தார்கள். இக்கணக்கை முதன்முதலாகப் படித்தபோது, பள்ளிக்கூடத்துக்காரனாகிய நான் காகிதத்தை எடுத்து வகுத்துப் பார்த்தேன். ஓர் ஆசிரியருக்கு ஏறக்குறைய இருபத்துநான்கு மாணவர்கள். என் முதல் வகுப்பில் அறுபத்தொரு மாணவர்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி, மேலே செல்கிறேன்.

புலவர்களுக்கும் மண்டபமே அரங்கு. சேக்கிழார் பெருமான் தம் நூலைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்றும், கம்பர் தம் காவியத்தைத் திருவரங்கத்தில் தாயார் சன்னிதி எதிரிலுள்ள மண்டபத்தில் அரங்கேற்றினார் என்றும் மரபு சொல்லும். ஆக, ஆட்சியும் கல்வியும் மருத்துவமும் கவிதையும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன.

அக்கூரையைத் தாங்கியவர் யார்? அரசர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், பழைய கோயில்களில் தூண்களை நெருங்கிப் பாருங்கள். 'இத்தூண் இன்னாருடையது' என்ற சிறிய எழுத்துப் பொறிப்புகளைப் பல இடங்களிலும் காணலாம். வணிகர், வேளாளர், அரண்மனைப் பணியாளர், பெண்மணிகள் எனப் பலரும் ஒவ்வொரு தூணைத் தந்திருக்கிறார்கள். காவிரி வண்டலில் கல் கிடையாது. தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். ஆகவே, அந்நாட்டில் ஒரு தூண் தருவது பெரிய கொடை.

இவ்விடத்தில், என் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையை நேயர்களிடம் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

1986ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்த புதிது. காவிரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவ்வூர்ச் சிவன் கோயிலில் பதினாறு கால் மண்டபம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு அடித்த சுண்ணாம்பு, தூண்களின்மேல் தோலைப் போல் தடித்திருந்தது. அதை நீக்கிக் கல்லை வெளிக்கொணர்வோம் என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கொத்தனார் ஒருவரிடம் உளிகளும் இரும்புத் தூரிகைகளும் இரவல் வாங்கினேன். நாற்பது மாணவர்கள், இரண்டு நாள் வேலை. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சுரண்டினார்கள். நான் ஊக்கப்படுத்தினேன். இரண்டாம் நாள் மாலை, தூண்கள் பளிச்சென்று நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவ்வூர் ஓதுவார் எழுபது வயதைக் கடந்தவர், கண்பார்வை மங்கியவர். மாலைப் பூசைக்கு வந்தவர், தென்கிழக்குத் தூண் அருகில் நின்று கையால் தடவினார். மேலும் கீழும் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியார் தம்பி, இந்தத் தூணில் எழுத்து இருந்ததே, எங்கே?"

நான் விளங்காமல் நின்றேன்.

"நாலு வரி இருந்தது, தம்பி. சுண்ணாம்புக்கு மேலேயே கைக்குத் தெரியும். என் தகப்பனார் என் விரலைப் பிடித்து வைத்துத்தான் எனக்கு எழுத்துக் காட்டினார். யாரோ ஒரு அம்மாள் கொடுத்த தூண் என்று சொல்வார்."

விளக்கைக் கொண்டுவரச் செய்து பார்த்தேன். உளி பட்ட புதிய வடுக்கள் வெண்மையாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே, 'இத்தூண்' என்ற ஒரு சொல் மட்டும் எஞ்சியிருந்தது. அதற்குமேல் எதுவும் இல்லை. ஓதுவார் சினந்து கொள்ளவில்லை. "பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள்; அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பதிகம் பாடப் போய்விட்டார். அந்தப் பிள்ளைகளைக் கடிய எனக்கு என்ன உரிமை இருந்தது? உளியை அவர்கள் கையில் கொடுத்தவன் நான் அல்லவா?

அந்த எழுத்தை யாரேனும் முன்பே படியெடுத்து வைத்திருக்கக் கூடாதா என்ற ஆவலோடு, பின்னர் வெளிவந்த கல்வெட்டுத் தொகுதிகளையெல்லாம் புரட்டினேன். அவ்வூர்க் கோயிலின் வேறு கல்வெட்டுகள் இரண்டு இருந்தன, இது இல்லை. அந்த அம்மையார் பெயர், சில நூற்றாண்டு மழையையும் வெயிலையும் தாங்கி நின்று, என் இரண்டு நாள் உற்சாகத்தில் மறைந்தது. அது மறுபடி கிடைக்காது.

அதன் பின், நான் எவ்வூரில் பணிபுரிந்தாலும், ஆண்டுக்கொரு முறை மாணவர்களை அந்த மண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன். தென்கிழக்குத் தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். எஞ்சிய சொல்லைக் காட்டுவேன். மற்றச் சொற்களை அழித்தவன் யார் என்பதையும் சொல்வேன். தொடக்கத்தில் அது நாணமாகவே இருந்தது. ஆனால், நான் நடத்திய வரலாற்றுப் பாடங்களில் மாணவர்கள் மறவாமல் வைத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான் என்பதை, வளர்ந்து ஆளான பின் என்னைச் சந்திக்கிறவர்களின் பேச்சிலிருந்து அறிகிறேன்.

கல் அழியாது என்று நாம் நினைக்கிறோம். அது பெரும்பிழை. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் எரிந்த வெப்பத்தில் கல் வெடித்து, மண்டபத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. நூற்றாண்டுகள் நின்ற உத்தரங்கள் ஓரிரவில் தரைக்கு வந்தன. தீயும் உளியும் மட்டுமன்று; தூணில் அறையும் ஆணி, விரலிலிருந்து தடவும் எண்ணெய், இடுக்கில் பூசும் சிமிட்டி, எழுத்தின்மேல் அடிக்கும் வண்ணம், பளபளப்புக்காகப் பாய்ச்சும் மணல் வீச்சு ஆகிய எல்லாமே நல்லெண்ணத்தோடு வரும் பகைகள்.

ஆதலின், நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்குமுன், ஒருநாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு தூணையும் எண்ணிட்டு, நான்கு பக்கமும் படம் எடுங்கள். இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே அது எளிதாக முடியும். மாலை வேளையில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத எழுத்தும் நிழல்பட்டுத் தெரியும். எழுத்துத் தென்பட்டால், கை வைக்காமல் தொல்லியல் துறையினருக்கு அறிவியுங்கள். அழுக்கை நீக்க நீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். அவற்றால் போகாத சுண்ணாம்பை, அத்தொழில் அறிந்தவர் வரும்வரையில் விட்டுவையுங்கள். பல தலைமுறை காத்திருந்த கல் இன்னும் ஓராண்டு காத்திருக்கும்.

முதியவர்களையும் கேளுங்கள். ஏட்டில் ஏறாதது அவர்கள் விரல் நுனியில் இருக்கக்கூடும். நான் அன்று வேலை தொடங்குமுன் அந்த ஓதுவாரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த அம்மையாரின் பெயரை இன்று உங்களுக்குச் சொல்லி இப்பேச்சை முடித்திருப்பேன்.