பழைய கணினிக்குப் புதிய அட்டை

பெங்களூர் விவேக் நகரில், குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அவ்வீடுகள் பலவற்றில் கூடத்தின் ஒரு மூலையில், ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்று இருக்கக் காணலாம். பகலில் பிள்ளைகள் அதில் பாடம் படிக்கின்றனர், மாலையில் மின்கட்டணம் செலுத்துகின்றனர், இரவில் விளையாடுகின்றனர். பாடத்திற்கும் கட்டணத்திற்கும் அக்கணினி இன்றும் போதும். விளையாட்டிற்குத்தான் போதவில்லை. படம் விட்டுவிட்டு ஓடுகிறது. புதிய விளையாட்டுகள் சில திறக்கவே மறுக்கின்றன. உடனே வீட்டில் ஒரு வழக்கு எழுகிறது. புதிய கணினி வேண்டும் என்கிறான் பிள்ளை. விளையாட்டுக்கா இத்தனை செலவு என்கிறார் தந்தை. இரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. கணினியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றுவதே அவ்வழி. அதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகிறோம்.

நூல்களில் இதனை வரைகலை அட்டை என்று எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல் பிடித்தமானதே. ஆயினும் கடையில் அப்படிக் கேட்டால் எடுத்துத் தருவார் இல்லை. கிராபிக்ஸ் கார்டு என்றே கேட்க வேண்டும். நாம் இங்கே சுருக்கமாக அட்டை என்போம்.

அட்டையின் வேலை என்ன? சாதாரண மானிட்டர் ஒன்றில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 முறை படம் மாறினால், ஒரு விநாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்டியாக வேண்டும். அட்டையின் வேலை இதுவே. எதை எங்கே வரைவது என்று முடிவு செய்து அனுப்புவது பிராசஸரின் வேலை. அச்சகத்தில் எழுத்துக் கோப்பவரும் அச்சு இயந்திரமும் போன்ற உறவு இது. எழுத்துக் கோப்பவர் தாமதித்தால், இயந்திரம் எவ்வளவு விரைவானதாயினும் பத்திரிகை நேரத்திற்கு வெளிவராது. ஆகவே, தாமதம் எவரிடம் என்று அறியாமல் பணத்தைச் செலவிடுதல் கூடாது.

இதை அறியப் பைசாச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் படத்தின் புள்ளி அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 என்று குறைத்துப் பார்க்க வேண்டும். புள்ளிகளின் தொகை பாதிக்கும் கீழே இறங்குகிறது. அப்போது ஆட்டம் நன்றாக விரைவு பெற்றால், சுமையால் தவித்தது அட்டையே. புதிய அட்டை பயன் தரும். விரைவு சற்றும் மாறவில்லையானால், தாமதம் பெரும்பாலும் பிராசஸரிடம் இருக்கிறது. அந்நிலையில் எத்தனை ஆயிரம் கொடுத்து அட்டை வாங்கினாலும் ஆட்டம் முன்போலவே நடக்கும்.

சோதனைக்கு முன் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டுவது நலம். சாலையோரத்து வீடுகளில் விசிறிகளில் தூசி கம்பளம்போல் படிந்துவிடுகிறது. அட்டை சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசி நீங்கியதுமே குறை தீர்ந்த கணினிகளும் உண்டு.

இனி மின்சாரத்தைப் பார்ப்போம். சிக்கனம் கருதுவோர் பெரிதும் இடறும் இடம் இது. மதர்போர்டில் உள்ள செருகுவாய் அட்டைக்கு 75 வாட் வரையில் மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டுமாயின், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். ஆறு முனைக் கம்பி மேலும் 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரவல்லவை. மலிவான பெட்டிகளின் மேல் 450 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை நம்பிவிடாமல், பக்கத்தில் உள்ள சிறிய அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் 18 ஆம்பியர் என்றிருந்தால், பிராசஸருக்கும் அட்டைக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட்டே. இத்தகைய பெட்டியில் பெரிய அட்டையைப் பூட்டினால் ஆட்டத்தின் நடுவே கணினி அணைந்துவிடும். சில வேளை பெட்டி புகைந்து மற்ற உறுப்புகளையும் உடன் கொண்டுபோகும். அட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நல்ல பெட்டிக்குக் கொடுப்பது வீண் செலவாகாது. யுபிஎஸ் சாதனத்தையும் கவனிக்க வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதிய யுபிஎஸ் பலவும் 360 வாட் அளவையே தாங்கும்.

மூன்றாவது, இடமும் இணைப்பும். அலுவலகங்கள் கழித்து விற்ற சிறிய கணினிகளை நம் நகரில் பலர் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் கேபினெட்டில் முழு உயர அட்டை நுழையாது, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் தனி வடிவினது, எளிதில் மாற்ற இயலாதது. ஆகவே அளவுகோலால் உள்ளிடத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். செருகுவாயின் தலைமுறையையும் அறிதல் வேண்டும். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டை நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைச் செருகுவாயில் அது குறையாகத் தோன்றாது. பழைய மூன்றாம் தலைமுறைச் செருகுவாயில் பாதை பாதியாகிவிடுவதால் அதன் வேகம் தளர்கிறது. பழைய கணினிக்கென்றே மலிவாக வாங்கும் அட்டை, பழைய கணினிக்கே பொருந்தாமற் போவது விந்தை அன்றோ!

எதை வாங்கலாம்? பெட்டியை மாற்ற முடியாதவர்களுக்கு, 2024 பிப்ரவரியில் வெளிவந்த 6 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 3050 ஏற்றது. அது 70 வாட்டில் இயங்குவதால் பெரும்பாலும் தனிக் கம்பி தேவைப்படாது. அரை உயர வடிவிலும் கிடைக்கிறது. எட்டு முனைக் கம்பியுள்ள நல்ல பெட்டி வைத்திருப்பவர்கள், 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600 அட்டையைக் கருதலாம். 132 வாட் மின்சாரமும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட அது, நாம் மேலே சொன்ன மானிட்டருக்குத் தாராளமாகப் போதும். பழைய அட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது 1060 வாங்க எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்க. அத்தலைமுறை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுவனம் முடித்துக்கொண்டது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அதற்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது.

வாங்குமிடம் நகரில் யாவரும் அறிந்ததே. டவுன் ஹாலுக்கு அருகே எஸ்.பி. ரோடு என வழங்கும் சதர் பத்ரப்பா சாலையில் கணினி உறுப்புக் கடைகள் வரிசையாக உள்ளன. புதிய அட்டையும் கிடைக்கும், கைமாறிய அட்டையும் கிடைக்கும். 2020 முதல் 2022 வரையில் ஈதர் என்னும் மின்பணத்தை ஈட்டுவதற்காக அட்டைகளை இரவும் பகலும் ஓட்டினார்கள். விலை கடுமையாக ஏறியது. 2022 செப்டம்பர் 15இல் ஈதரியம் அம்முறையைக் கைவிட்டது. ஓடித் தேய்ந்த அட்டைகள் சந்தைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை என்பதில்லை. ஆயினும் விசிறியின் ஓசையைக் கேட்டு, கடையிலேயே அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். பழைய அட்டையினுள் பொய்ப் பெயரை எழுதி, புதியதாகக் காட்டி விற்பதும் உண்டு. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் அவ்வகைப் போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். புதியதாயின், வரிசை எண் குறித்த ஜிஎஸ்டி ரசீது இல்லாமல் கடையை விட்டு இறங்கலாகாது. உத்தரவாதம் கோரும் நாளில் பேசுவது அக்காகிதமே.

2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உயர்ந்தது. புதிய கணினி வாங்கும் செலவும் கூடியது. உள்ளதைச் செப்பனிட்டு ஆளும் பழக்கத்திற்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது. கழற்றிய அட்டை நல்ல நிலையில் இருந்தால் அண்டை வீட்டு மாணவனுக்குப் பயன்படும். கெட்டதாயின் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பித்தல் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் நோக்கமும் அதுவே.

விரலுக்கேற்ற வீக்கம் என்பது நம் முன்னோர் வாக்கு. மானிட்டர், பிராசஸர், மின்பெட்டி, கேபினெட் ஆகிய நான்கின் அளவையும் ஒரு தாளில் எழுதி, கையிருப்பை அதன் கீழே எழுதி, அதற்கு அடங்கும் அட்டையைத் தேடுவதே முறை. அத்தாளைப் பிள்ளையே எழுதித் தந்தையிடம் காட்டட்டும். எழுதும்போதே எது ஆசை, எது தேவை என்பது அவனுக்குத் தெளிவாகும். கேட்கும் தொகைக்குக் காரணம் என்ன என்பது தந்தைக்கும் விளங்கும். அதன் பின்னர் எஸ்.பி. ரோட்டிற்கு இருவரும் சேர்ந்தே போகலாம்.