வழுக்கும் சாலையும் வண்டியின் நிதானமும்



வெளி மாநிலங்களில் தொழிலும் உத்தியோகமும் பார்த்து வாழும் நம்மவரில் பலர் இன்று சொந்த மோட்டார் வண்டி வைத்திருக்கின்றனர். மும்பையில் ஆனி, ஆடி மாதங்களின் பெருமழை. ராஜஸ்தானத்தில் சாலையோரத்து மணல். இமாசலத்து மலைப்பாதையில் மார்கழி உறைபனி. வண்டி ஒன்றே, அது ஓட வேண்டிய தரையோ ஊருக்கு ஊர் வேறு. இப்படிப்பட்ட தரைகளில் வண்டி நிலை தவறாமல் காப்பதற்கென்று இரண்டு மின்னணு அமைப்புகள் உள்ளன. ஒன்று இழுவைக் கட்டுப்பாடு. மற்றொன்று நிலைப்புக் கட்டுப்பாடு. இவை தம் வண்டியில் இருப்பதையே அறியாதவர் உண்டு. அறிந்து, அளவுக்கு மீறி நம்புகிறவரும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படக்கூடிய சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு காரின் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நகர்தல், நிற்றல், திரும்புதல் ஆகிய மூன்றும் இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பைக் கொண்டே நடைபெற வேண்டும். பிடிப்பு விட்டுப்போனால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஓட்டுபவரின் சொல்லைக் கேளாமற் போகின்றன.

முதலில் இழுவைக் கட்டுப்பாட்டைப் பார்ப்போம். ஈரமான ஏற்றத்தில் வண்டியைக் கிளப்புகிறோம். ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றொன்று நல்ல தரையிலும் இருக்கின்றன. சாதாரண வண்டியில், சேற்றிலுள்ள சக்கரம் வீணாகச் சுழலும். நல்ல தரையிலுள்ள சக்கரத்துக்கும் போதிய விசை போய்ச் சேராது. ஒவ்வொரு சக்கரத்திலும் அதன் வேகத்தை அளக்கும் உணரி ஒன்று உண்டு. ஒரு சக்கரம் மட்டும் மிகையாகச் சுழல்வதை அது தெரிவித்தவுடன், இழுவைக் கட்டுப்பாடு அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடிக்கிறது. இயந்திரத்தின் விசையையும் குறைக்கிறது. அதனால் பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசை சென்று வண்டி நகர்கிறது.

நிலைப்புக் கட்டுப்பாடு இதனினும் நுட்பமானது. ஓட்டுபவர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறார் என்பதை ஓர் உணரியும், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை மற்றோர் உணரியும் இடைவிடாது அளக்கின்றன. இரண்டும் ஒத்திருக்கும்வரை கவலையில்லை. முன்சக்கரங்கள் வழுக்கி வண்டி வளைவுக்கு வெளியே ஓடுமாயின், உட்புறத்துப் பின்சக்கரம் பிடிக்கப்படுகிறது. பின்புறம் வீசிச் சுழலத் தொடங்குமாயின், வெளிப்புறத்து முன்சக்கரம் பிடிக்கப்படுகிறது. ஒற்றைச் சக்கரத்தைத் தனியாகப் பிடிக்க மனிதக் காலால் இயலாது. பெடல் ஒன்றுதானே இருக்கிறது!

இது 1995-இல் ஜெர்மனியின் உயர்விலைக் கார்களில் முதன்முதல் இடம்பெற்றது. 1997-இல் சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, சாலையில் மூஸ் என்னும் பெரிய விலங்கு குறுக்கிட்டால் செய்ய வேண்டிய திடீர்த் திருப்பத்தைச் சோதித்தபோது, மெர்ஸிடிஸ் நிறுவனத்தின் சிறிய கார் கவிழ்ந்தது. அதன்பின் அந்நிறுவனம் அவ்வகைக் கார் அனைத்திலும் இவ்வமைப்பைப் பொருத்தியது. விலையுயர்ந்த வண்டிக்கு மட்டும் உரியதாயிருந்த பாதுகாப்பு சிறிய வண்டிக்கும் வந்தது இவ்வாறுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். ஒரே வண்டி நிலைகுலைந்து நேரும் உயிர்ச்சேத விபத்துகளின் அபாயத்தை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

அன்றாட ஓட்டத்தில் இதை எவ்வாறு அறிவது? வழுக்கும் கார் போன்ற படமுள்ள சிறு விளக்கு முன்பலகையில் விட்டுவிட்டு எரிந்தால், அமைப்பு அக்கணம் வேலை செய்கிறது என்பது பொருள். பிரேக் பெடலில் அதிர்வு தோன்றலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் இயந்திரம் அடங்கியே இருக்கலாம். பழுது என்றஞ்சி மேலும் அழுத்துதல் தவறு. போக வேண்டிய திசையை நோக்கி ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகத்தைக் குறைப்பதே முறை. அவ்விளக்கு அணையாமல் எரிந்தால், அமைப்பு பழுதுற்றிருக்கலாம், அல்லது நிறுத்தப்பட்டிருக்கலாம், கவனித்தல் வேண்டும்.

பல வண்டிகளில் இதை நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஆழ்ந்த மணலிலோ சேற்றிலோ வண்டி சிக்கிக்கொண்டால், சக்கரம் சற்றுச் சுழன்றால்தான் வெளிவர முடியும். அப்பொழுது இழுவைக் கட்டுப்பாட்டை நிறுத்தலாம். வெளியே வந்ததும் மீண்டும் இயக்கிவிட மறக்கலாகாது.

இனி இதன் எல்லையைச் சொல்ல வேண்டும். இவ்வமைப்பு உள்ள பிடிப்பைப் பங்கிட்டுத் தருமேயன்றி, இல்லாத பிடிப்பை உண்டாக்காது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், வண்டியின் இயக்க ஆற்றல் இரண்டே கால் மடங்காகிறது. கண்டாலா மலைப்பாதையின் வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்குபவரை எந்த உணரியும் மீட்டுத் தராது. முன்வண்டியின் தூரத்தையும் இது அறியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு விநாடி கவனம் சிதறினால் வண்டி சுமார் 17 மீட்டர் ஓடிவிடுகிறது. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால், அந்த டயர் சாலைக்கு உதவாது. ஈரச் சாலைக்கு அந்த அளவும் போதாது என்றே கொள்ள வேண்டும். முதல் மழையன்று சாலைத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வழுக்கல் மிகும் என்பதையும் நினைவிற் கொள்க.

நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் பரிசோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெறுவதற்கு நிலைப்புக் கட்டுப்பாடு இருத்தல் அவசியம். எனினும் பழைய வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. ஆகவே, வண்டி வாங்குவோர் இருக்கையின் துணியையும் பாட்டுப் பெட்டியையும் பார்க்குமுன், தாம் வாங்கும் அந்த வகையிலேயே இவ்வமைப்பு உள்ளதா என்று கேட்டறிதல் நலம். மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு விடுமுறைக்குச் சொந்த ஊர் நோக்கிப் பலநூறு கிலோமீட்டர் ஓட்டி வருகிறோம். சுவீடனில் குறுக்கே வருவது மூஸ். இங்கே மாடு, அல்லது எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி. அந்தத் திடீர்த் திருப்பத்தில் நம் கைக்கு இது துணை நிற்கும். அந்தத் துணை பயன்பட வேண்டுமானால், வேகத்தை முன்னதாகவே நாம் அடக்கியிருக்க வேண்டும்.